திறந்தவெளி மரத்தளத்துக்கு எந்தப் பூச்சு, எப்படிப் பூசுவது: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ மரப்பலகையால் தளம் போடுகிற வழக்கம் கூடிவருகிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஹோம்ஸ்டே கட்டுகிறவர்கள் போடுகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டுகிறவர்களும், சிட்-அவுட்டுக்கு வெளியே நாலு நாற்காலி போட இடம் வேண்டும் என்று போடுகிறார்கள். என்ன பலகை, என்ன விலை என்று நாலு கடை ஏறி இறங்கி விசாரிப்பார்கள். மேலே என்ன பூசப்போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "அதை ஆசாரி பார்த்துக்கொள்வார்" என்பார்கள். ஆசாரியும் வாசல் கதவுக்கு அடித்த பாலிஷையே தளத்துக்கும் அடித்துவிட்டுப் போவார். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஒன்று கழிந்ததும் அது பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கும்.

இதில் ஆசாரியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கதவு நிமிர்ந்து நிற்கிறது, தண்ணீர் வடிந்துவிடுகிறது, மேலே சன்ஷேடும் இருக்கிறது. தளம் படுத்துக் கிடக்கிறது. மழை, வெயில், மிதி எல்லாம் நேராக அதன்மேல்தான். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பளபளவென்று நிற்கிற பூச்சைத் தேடாதீர்கள். அடுத்த வருடம் சுரண்டாமல், கழுவிக் காயவைத்து அதன் மேலேயே திரும்பப் பூசக்கூடிய பூச்சைத் தேடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் எந்தப் பூச்சும் நிரந்தரம் இல்லை. திரும்பப் பூசுவது எவ்வளவு எளிது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூச்சு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர், மர நார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது சாம்பல் நிற மேல்நார். வெளியே கிடக்கும் மரம் நரைப்பது இதனால்தான். நல்ல தேக்கு இப்படி நரைத்தாலும் உள்ளே உறுதியாகவே இருக்கும். மழை செய்வது வேறு வேலை. பலகை நீரைக் குடித்து ஊதும், காய்ந்ததும் சுருங்கும். இப்படி மாறி மாறி நடக்கும்போது மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். வெடிப்பில் தண்ணீர் தங்கும். தண்ணீர் தங்கினால் கரும்பூஞ்சையும் பாசியும் வரும், அப்புறம் அழுகல்.

நல்ல பூச்சு நீர் உள்ளே போவதைக் குறைக்கும். அதில் நிறம் கலந்திருந்தால் வெயிலையும் மறைக்கும். கறையானையும் அழுகலையும் தடுப்பது அதன் வேலை இல்லை. அது மரத்தின் தன்மையிலும் தளம் போட்ட விதத்திலும் இருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை மரவேலைகள் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கின்றன என்றால், வைரம் பாய்ந்த மரமும், மழை நேரே படாதபடி தாழ இறங்கும் ஓட்டுக்கூரையும்தான் முக்கியக் காரணம். திறந்தவெளித் தளத்துக்கு அந்தக் கூரை கிடையாது. அதனால் பூச்சு டப்பாவைத் திறக்கும் முன் நாலு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே 5 அல்லது 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அடியில் காற்று ஓட வேண்டும். தாங்கு சட்டங்கள் மண்ணைத் தொடக் கூடாது. ஆணியும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். உள்நாட்டுப் பக்கம் 304 தரம் போதும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடற்காற்று அடிக்கும் இடத்தில் 316 தரம் கேளுங்கள். சாதா இரும்பு ஆணி போட்டால் தேக்கு, அயனி போன்ற மரங்களில் ஆணியைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறை படரும்.

மரமும் முக்கியம். தேக்கு, கோங்கு, வேங்கை ஆகியவற்றின் வைரப்பகுதி வெளியில் தாங்கும். அயனியும் நல்ல மரம், படகு கட்டவே அதைப் பயன்படுத்துகிறார்கள். எந்த மரமானாலும் பட்டையை ஒட்டிய வெள்ளைப்பகுதி தாங்காது. அது பலகையில் இருந்தால் வாங்கும்போதே கழித்துவிடச் சொல்லுங்கள். ரப்பர் மரம் நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் திறந்தவெளிக்கு வேண்டவே வேண்டாம். அதை வழக்கமாகப் பதப்படுத்தும் போரிக் அமிலமும் போராக்ஸும் மழையில் கரைந்து வெளியேறிவிடும். மாமரமும் அப்படித்தான், வெளியில் நிற்காது. பச்சை சாயல் கொண்ட, அழுத்த முறையில் பதப்படுத்திய பைன் பலகை வெளியே போட ஏற்றது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. அதற்கு எண்ணெய் பூசக் கூடாது.

எந்தப் பூச்சு

பெயிண்ட் கடையில் போய் "மரத்துக்கு அடிக்க ஏதாவது குடுங்க" என்று கேட்டால், உள்வேலைக்கான பாலிஷைத்தான் எடுத்துத் தருவார்கள். இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற தரைப்பலகை. மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய் வேண்டும், நிறம் கலந்தது." கடைக்காரருக்கு உடனே புரிந்துவிடும். டெக் ஆயில், டெக்கிங் ஆயில், எக்ஸ்டீரியர் வுட் ஆயில், வுட் ஸ்டெயின் என்று பல பெயர்களில் வருகிறது. டப்பாவில் 'வெளிப்புறம்' என்று மட்டும் இருந்தால் போதாது. தரைக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வார்னிஷ், பி.யு. (பாலியூரித்தேன்) போன்றவை மரத்தின்மேல் படலமாக நிற்பவை. போட்ட அன்று கண்ணாடிபோல் அழகாக இருக்கும். நாற்காலிக் கால் ஒரு கீறல் போட்டால் போதும், அந்த வழியாக நீர் இறங்கி, படலத்துக்கு அடியிலேயே பரவும். வெயில் பட்டதும் படலம் வெள்ளையாகக் கிளம்பி உரியும். அப்புறம் அதன் மேலேயே பூச முடியாது. தளம் முழுவதையும் மெஷின் வைத்து உரசி எடுக்க வேண்டும். மழையில் வழுக்கவும் செய்யும். மெலமைன் பாலிஷ் உள்வேலைக்கு மட்டும். ஸ்பிரிட்டில் அரக்கு கரைத்துச் செய்யும் பாலிஷ் தண்ணீர் பட்டாலே வெளுத்துவிடும்.

நிறமற்ற எண்ணெயா, நிறமுள்ளதா என்ற கேள்வி அடுத்து வரும். தேக்கின் இயற்கை நிறம் அப்படியே தெரிய வேண்டும் என்று பலரும் நிறமற்றதைக் கேட்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் வெயிலைத் தடுப்பது அந்த நிறத்தூள்தான். நிறமற்றது பூசினால் சில மாதங்களிலேயே நரைக்கத் தொடங்கும். தேக்கு நிறத்திலேயே லேசாக நிறம் கலந்தது கிடைக்கிறது. மரத்தின் வரிகள் தெரியும், வெயிலும் கொஞ்சம் தடுக்கப்படும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். ரொம்பக் கறுத்த நிறம் வேண்டாம், மதிய வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது.

வீட்டில் கிடைக்கும் எண்ணெய்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகும் வகை இல்லை. எத்தனை நாள் ஆனாலும் பிசுக்காகவே இருந்து தூசியைப் பிடித்து, காறலடிக்கும். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் மிக மெதுவாக. நம் ஊர் ஈரக்காற்றில் தனியாகப் பூசினால் கரும்பூஞ்சைக்கு அதுவே தீனி. மீன் எண்ணெய் வள்ளங்களுக்குப் பூசுகிறார்கள். அது கடற்கரையில் சரி, உட்கார்ந்து டீ குடிக்கிற இடத்தில் அந்த வாடை வேண்டாம். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் தோலில் பட்டால் பொள்ளிவிடும், வெறுங்காலால் மிதிக்கும் பலகைக்கு ஏற்றதில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில். வேலிக்கம்புக்குப் பூசுவதைப் பார்த்துவிட்டுத் தளத்துக்கும் சிலர் பூசுகிறார்கள். அது காயவே காயாது. காலிலும் துணியிலும் ஒட்டும், மழையில் கழுவி மண்ணில் இறங்கும். பக்கத்தில் கிணறு இருக்கும் வீட்டில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதோடு, ஒருமுறை அது ஊறிய பலகையில் வேறு எந்தப் பூச்சும் பிடிக்காது.

எப்போது பூசுவது

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை. வடகிழக்கு அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. நமக்கு இரண்டும் உண்டு. 2017இல் ஒக்கி புயல் நம்மைப் புரட்டியது நவம்பர் கடைசி நாளில். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடிமழை வரும். மிஞ்சுவது தை பாதியிலிருந்து பங்குனி பாதி வரைதான். வேலையை அந்த நாட்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீடு பால் காய்ச்சும் தேதி ஆகஸ்டில் வருகிறது என்பதற்காக ஜூலையில் பூசச் சொல்லாதீர்கள். பூச்சு இல்லாமல் தேக்குத்தளம் சில மாதம் கிடந்தால் நரைக்கும், அவ்வளவுதான். ஈரப்பலகையில் பூசினால் பூச்சும் போகும், காசும் போகும்.

பலகையின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் சிறு மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, பெரிய மர டிப்போக்களில் கேட்டாலும் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். மில்லிலிருந்து அறுத்து வந்த பலகையை நேரே அடித்துவிடாமல், நடுவே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து நிழலில் அடுக்கிக் காற்றாட விடுங்கள்.

மீட்டர் இல்லையா? ஒரு சொட்டுத் தண்ணீரைப் பலகையில் விட்டுக் குனிந்து பாருங்கள். சொட்டு மெல்லப் பரந்து, ஓரம் கறுத்து, சில நிமிடங்களில் உள்ளே இறங்கிவிட்டால் பலகை எண்ணெயையும் குடிக்கும். முத்துமாதிரி உருண்டு அப்படியே நின்றால், பழைய பூச்சு மிச்சம் இருக்கிறது, அல்லது இழைப்பு மெஷினில் மேற்பரப்பு அழுத்தி மெருகேறிக் கிடக்கிறது, அல்லது மரம் இன்னும் ஈரம். மூன்றில் எது என்று பார்த்துச் சரிசெய்யாமல் பூசக் கூடாது.

தயார் செய்வது

புதுப்பலகையை 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாள் கொண்டு, வரி ஓடும் திசையிலேயே தேயுங்கள். நைசாக இருக்கட்டும் என்று 220 நம்பர் வரை போகிறவர்கள் உண்டு. அது மேசைக்குச் சரி. தளத்தில் அப்படித் தேய்த்தால் நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் இறங்காது, காலுக்கும் பிடிப்பு இருக்காது. தேய்க்க எஃகு கம்பளியைத் தொடாதீர்கள். அதன் துணுக்குகள் பலகையில் சிக்கி, முதல் மழையிலேயே கறுப்புப் புள்ளிகளாகும். இதேபோல, பக்கத்தில் கேட்டுக்கோ கைப்பிடிக்கோ வெல்டிங், கிரைண்டிங் நடந்தால் அந்தப் பொறிகளும் கறைபடுத்தும். இரும்பு வேலையையும் சிமென்ட் வேலையையும் முழுக்க முடித்துவிட்டு மரத்துக்கு வாருங்கள்.

கறை விழுந்துவிட்டால் வழி இருக்கிறது. மொசைக் தரை பாலிஷுக்கு வாங்குவார்களே, ஆக்சாலிக் ஆசிட் தூள், அதுவே இதற்கும் மருந்து. பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம் அளவில் கரைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஈரப்படுத்திய பலகை முழுவதும் தடவி, கால் மணி நேரம் விட்டு நன்றாகக் கழுவுங்கள். கறை கண்முன்னே வெளுக்கும். அது விஷம் என்பதால் குழந்தைகளையும் கோழி, நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். முற்றத்துப் பாசிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை மரத்தில் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது நாரையே அரித்துப் பஞ்சாக்கிவிடும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. பூசுவதற்குக் கொஞ்சம் முன்னால் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். வெடிப்புகளில் மக்கு அடைக்க வேண்டாம். பலகை அசைய அசைய மக்கு பெயர்ந்து வந்துவிடும்.

பழைய பெயிண்ட் இருக்கும் தளத்தை உரசுகிறீர்கள் என்றால் முகக்கவசம் கட்டாயம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். தூள் பறக்காமல் ஈரம் காட்டி உரசி, கூட்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

எவ்வளவு வாங்குவது

டப்பாவில் 1 லிட்டருக்கு எவ்வளவு பரப்பு என்று எழுதியிருக்கும். அது 80 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 12 அடிக்கு 10 அடி தளம் 120 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 240, அதாவது 3 லிட்டர். அடிப்பக்கமும் பூசினால், பூசத்தான் வேண்டும், 6 லிட்டர். சொரசொரப்பாக அறுத்த பலகை இன்னும் கூடுதலாகக் குடிக்கும். ஒன்றுக்கு மேல் டப்பா இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கலந்துகொள்ளுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறும், பாதித் தளத்தில் அது பளிச்சென்று தெரியும்.

பூசும் நாள்

முதலில் ஒரு துண்டுப் பலகையில் பூசி, காயவிட்டு நிறத்தைப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் வேறு.

பலகையைச் சட்டத்தில் அடித்துப் பொருத்தும் முன்பே நாலு பக்கமும் பூசிவிடுவதுதான் சிறந்தது. அடிப்பக்கம் பூசாமல் விட்டால் ஈரம் கீழிருந்து ஏறும், பலகை வளையும். வெட்டுமுனையை முதலில் கவனியுங்கள். மரம் நீர் குடிக்கும் வாய் அதுதான். பிரஷால் ஒரு முறை தடவுங்கள், ஈரம் கண்முன்னே மறைந்து முனை மங்கிவிடும். மறுபடி தடவுங்கள், மறுபடி மறையும். குடிப்பதை நிறுத்தும்வரை தடவிக்கொண்டே இருக்க வேண்டும். தளத்தில் வைத்து அறுத்துச் சேர்க்கும் ஒவ்வொரு முனைக்கும் இதைச் செய்யுங்கள். ஆசாரி அவசரத்தில் விட்டுவிடுவார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் காலையில் பனி இருக்கும். பலகையைக் கையால் தடவிப் பார்த்து, ஈரம் போனபின் தொடங்குங்கள். உச்சி வெயிலில் சூடேறிய பலகையில் பூசினால் எண்ணெய் இறங்கும் முன்பே மேலே காய்ந்துவிடும். நிழல் விழும் பக்கத்திலிருந்து வேலையை நகர்த்துங்கள். மாலையில் பனி இறங்கும் முன் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும், அதனால் மதியத்துக்கு மேல் புதிதாகத் தொடங்காதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வீடு என்றால் காற்றையும் பார்க்க வேண்டும். அங்கே அடிக்கிற காற்றில் தூசி வந்து ஒட்டும், எண்ணெயும் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும்.

டப்பாவைக் குலுக்காமல், அடிவரை குச்சி விட்டுக் கலக்குங்கள். நிறத்தூள் அடியில் தங்கும் என்பதால் இடையிடையேயும் கலக்க வேண்டும். இரண்டு மூன்று பலகைகளை மட்டும் எடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே ஓட்டமாகப் பூசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் இரட்டைக் கறுப்புப் பட்டை விழும். எண்ணெய் குறைவாக, அழுத்தித் தேய்த்துப் பூசுங்கள். டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம், கழிந்ததும் மேலே தேங்கி மினுங்குவதையெல்லாம் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அதை எடுக்காமல் விடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. மரம் குடிக்காத எண்ணெய் மேலே நின்று, நாள்கணக்கில் பிசுபிசுக்கும். தேக்கு குறைவாகத்தான் குடிக்கும், அதற்கு மூன்றாவது கோட் போட்டால் லாபம் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது கோட்டை எப்போது போடுவது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும், அதில் சொன்னபடி செய்யுங்கள். பொதுவாக ஒன்றிரண்டு நாள் யாரையும் மிதிக்க விடாமல் கயிறு கட்டிவிட்டு, நாற்காலி மேசையைச் சில நாள் கழித்துப் போட்டால் போதும்.

துடைத்த துணி: இதைத் தயவுசெய்து படியுங்கள்

காயும் வகை எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் காய்வது ஒரு ரசாயன மாற்றம், அதில் சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சியோ பொறியோ தேவையில்லை, வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூடப் பற்றும். அதனால் துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் போட்டு முறுமுறுவென்று காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி வையுங்கள். வேலைக்கு வந்தவர்களிடமும் சொல்லி, அவர்கள் பையில் சுருட்டி எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பராமரிப்பு

வாரம் ஒருமுறை தென்னந்துடைப்பத்தால் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது. பலகை இடுக்கில் சேரும் சருகும் மண்ணும்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூந்தொட்டியை நேரே பலகையில் வைக்காமல், அடியில் காற்று போகும்படி கால் வைத்த தட்டில் வையுங்கள். ரப்பர் மேட் விரித்தால் அதன் அடியில் கறுத்துவிடும். பிரஷர் வாஷரை மிக அருகில் பிடித்து அடித்தால் நார் எழும்பிவிடும், அதற்குப் பதில் மென்மையான பிரஷும் சோப்புத்தண்ணீரும் போதும்.

வருடா வருடம் தை மாதம் அதே சொட்டுத் தண்ணீர் சோதனையைச் செய்யுங்கள். உருண்டு நின்றால் இந்த வருடம் விட்டுவிடலாம். உள்ளே இறங்கினால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒரே ஒரு கோட் போடுங்கள். முழு வெயிலும் மழையும் படும் தளத்துக்கு நம் ஊரில் அநேகமாக எல்லா வருடமும் தேவைப்படும். நடக்கும் பாதையும் படி ஓரமும் மட்டும் மங்கியிருந்தால் அங்கே மட்டும் பூசினாலும் சேர்ந்துகொள்ளும். வார்னிஷ் போட்ட தளத்தில் இந்த வசதி கிடையாது.

மீந்த எண்ணெயைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி, காற்றிடம் இல்லாமல் நிரப்பி, இறுக மூடி நிழலில் வையுங்கள். பெரிய டப்பாவில் கொஞ்சமாகக் கிடந்தால் மேலே ஆடை கட்டிவிடும். என்ன எண்ணெய், என்ன நிறம், எந்தத் தேதியில் பூசியது என்று டப்பாவின்மேல் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த தையில் கடைக்குப் போகும்போது அதே எண்ணெயையே கேட்டு வாங்கலாம்.